கதவைத் திறந்த பிறகு: லைலக் தீயும் சான் லூயிஸ் ரே டவுன்ஸ் குதிரைகளும்

2017 டிசம்பர் 7, வியாழக்கிழமை. தெற்குக் கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுண்டியில், 15ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் முற்பகல் 11.15 மணியளவில் காய்ந்த புல்லில் தீ பிடித்தது. லைலக் தீ என்று பெயர் பெற்ற அது, உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட சான்டா அனா காற்றோடு சேர்ந்து மேற்கே பாய்ந்தது. போகும் வழியில் பான்சால் என்ற ஊர். அங்கே சான் லூயிஸ் ரே டவுன்ஸ் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சி மையம். அன்று அதன் லாயங்களில் 450க்கும் மேற்பட்ட தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் நின்றன. பிற்பகலில் தீ லாயங்களைத் தொட்டது. 46 குதிரைகள் இறந்தன. மீட்கப் போனவர்களில் சிலருக்குக் கடுமையான தீக்காயம்.

ஏக்கர்க் கணக்கில் இது சிறிய தீ. மொத்தம் 4,100 ஏக்கர்தான் எரிந்தது, 157 கட்டடங்கள் அழிந்தன. அதே வாரம் வென்சுரா பக்கம் எரிந்த தாமஸ் தீ 2,80,000 ஏக்கரைத் தாண்டியது. ஆனாலும் குதிரை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது லைலக் தீயைத்தான். குதிரையோடு ஏதோ வாரக்கடைசியில் மட்டும் பழகுகிறவர்கள் அல்ல அங்கே இருந்தவர்கள். பிழைப்பே குதிரையாக உள்ள பயிற்சியாளர்களும் பராமரிப்பாளர்களும் பட்டப்பகலில், விழித்திருக்கும் நேரத்தில், குதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். அப்படியும் பத்தில் ஒரு குதிரை போயிற்று.

நேரம் இல்லாமல் போனது எப்போது

புகை தெரிந்ததற்கும் லாயக் கூரையில் தணல் விழுந்ததற்கும் இடையே சில மணி நேரம்தான். அதை மட்டும் பார்த்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றே தோன்றும். நாள்காட்டியைக் கொஞ்சம் பின்னால் புரட்டினால் வேறு படம் தெரியும். தாமஸ் தீ டிசம்பர் 4 மாலையே தொடங்கிவிட்டது. 5ஆம் தேதி அதிகாலை லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சில்மர் பகுதியில் கிரீக் தீ கிளம்பி, ஒரே லாயத்தில் ஏறத்தாழ 30 குதிரைகளைக் கொன்றது. 6ஆம் தேதி இரவு, பலத்த காற்றால் தீ அபாயம் உச்சத்தில் இருப்பதாகத் தெற்குக் கலிபோர்னியாவின் கைப்பேசிகளுக்கு மாநில அரசின் அவசர எச்சரிக்கை போனது. பெற்ற கவுண்டிகளில் சான் டியேகோவும் ஒன்று.

ஆக, தீ வருவதற்கு முன் இரண்டு நாள் இருந்தது. எந்த இடத்தில் வரும் என்பது மட்டும்தான் தெரியாது. இது பான்சாலில் இருந்தவர்கள் மேல் சுமத்தும் குற்றமல்ல. எங்கும் இப்படித்தான் நடக்கிறது. காற்று எச்சரிக்கை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பல முறை வருகிறது, பெரும்பாலும் தீ வராமலேயே போகிறது. ஒவ்வொரு முறையும் 450 குதிரைகளைக் கிளப்பிக்கொண்டு போக எந்தப் பயிற்சி மையத்தாலும் முடியாது. அதனால் எல்லோரும் புகையைப் பார்த்த பின் முடிவெடுக்கிறார்கள்.

இதற்கு மாற்று, முடிவைத் துண்டுபோடுவது. எச்சரிக்கை வந்தால் எல்லாக் குதிரைகளும் போக வேண்டும் என்று வைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள். எச்சரிக்கை வந்த மாலையே டிரெய்லரை வண்டியில் மாட்டி, வாசலைப் பார்த்து நிறுத்தி, டேங்கை நிரப்பி, போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு போன் போட்டுவிடலாம். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், செலவு ஏதும் இல்லை. அடுத்த படி: ஏற மறுக்கும் குதிரை, கிழட்டுக் குதிரை, குட்டியோடு உள்ள தாய், கட்டுப்போட்ட குதிரை. இவற்றை மட்டும் முதல் நாளே அனுப்பிவிடுவது. தீ வந்தபின் மற்ற எல்லாவற்றின் நேரத்தையும் தின்பவை இவைதான். மூன்றாவது, எங்கே தீ தெரிந்தால் மீதியும் கிளம்ப வேண்டும் என்பதை நிலப்படத்தில் கோடு போட்டு வைப்பது. காற்று நம் பக்கம் வீசும்போது இன்ன சாலைக்கு இப்பால் தீ என்றால், அரசு ஆணைக்குக் காத்திருக்காமல் புறப்பாடு. வெளியேற்ற ஆணை மனிதரையும் காரையும் கணக்கில் வைத்து வருவது. டிரெய்லர் வைத்திருப்பவர் அதற்கு முந்தைய கட்டமான வெளியேற்ற எச்சரிக்கையிலேயே சாலையில் இருக்க வேண்டும்.

முதல் நடைதான் ஒரே நடை

450 குதிரைகளை இரண்டு குதிரை டிரெய்லரில் ஏற்றினால் 225 நடை. ஆறு குதிரை டிரெய்லர் என்றால் 75. ஒன்பது நிற்கும் பெரிய வண்டி என்றால் 50. பான்சாலிலிருந்து குதிரைகள் போய்ச் சேர்ந்த டெல் மார் மைதானம் சாலை வழியே சுமார் 50 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தாலும் ஏற்ற, ஓட்ட, இறக்க, திரும்ப மூன்று மணி நேரம் பிடிக்கும். எங்கிருந்தோ 20 ஆறு குதிரை டிரெய்லர்கள் உடனே வந்து நின்றதாக வைத்துக்கொண்டாலும் முதல் நடையில் 120 குதிரைகள்தான். இரண்டாம் நடைக்குத் திரும்பும்போது ஒன்று சாலையை மூடியிருப்பார்கள், இல்லையென்றால் தீ சாலையைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு குதிரையும் இரண்டு குதிரை டிரெய்லரும் வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். முதலில் இரண்டைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து அடுத்த இரண்டை ஏற்றிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித் திரும்பி வருபவரைக் காவல் தடுப்பிலேயே நிறுத்திவிடுவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே ஒரு நடையில் எத்தனை போகுமோ அதற்கு மேல் உள்ள குதிரைகளுக்கு வேறொருவரின் டிரெய்லர் வேண்டும். அவரும் அதே பள்ளத்தாக்கில் இருந்தால் அன்று அவருக்கும் அதே தீதான். 30, 40 கிலோமீட்டர் தள்ளி, வேறு திசையில் இருப்பவரோடு ஏற்பாடு செய்துகொள்வதுதான் பயன்படும்.

டிரெய்லரில் எது கெடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆண்டில் பத்து மாதம் நிற்கும் வண்டியின் டயர் தேயாது, ஆனால் வெயிலில் விரிசல் விட்டிருக்கும். பள்ளம் நன்றாக இருந்தாலும் ஆறு வயதான டயரை மாற்றிவிட வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ரப்பர் விரிப்பைத் தூக்கித் தரைப்பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். சிறுநீர் ஊறி மக்கிய பலகை வழியே குதிரையின் கால் சாலைக்கு இறங்கிய சம்பவங்கள் உண்டு. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்புப் பந்தின் அளவு இன்னொரு தொல்லை. 2 அங்குலமும் 2 5/16 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் உதவிக்கு வந்தவரின் வண்டியில் 2 அங்குலப் பந்து இருந்து உங்கள் டிரெய்லரின் கவ்வி பெரியதாக இருந்தால், மாட்டிக்கொண்டதுபோல் தெரியும், முதல் குழியில் துள்ளிக் கழன்றுவிடும். இரண்டு அளவுப் பந்தும் டிரெய்லரிலேயே கிடக்கட்டும். டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் போடவைக்கும் பிரேக்கவே பேட்டரி, விளக்கு இணைப்பு, ஜாக் மூன்றையும் மாதம் ஒரு முறை பார்க்கலாம். கதவுக்கு மேலே குளவிக்கூடும் பார்க்க வேண்டியதே. குளவி கொட்டிய குதிரையை அன்றைக்கு மறுபடி ஏற்றுவது நடக்காத காரியம்.

வண்டி தயாராக இருந்தும் குதிரை ஏறாவிட்டால் எல்லாம் வீண். பகலில், அவசரமில்லாமல், தினமும் பிடிக்கும் ஆளோடு ஏறுகிற குதிரையை ஏறக்கூடிய குதிரை என்று கணக்கில் எடுக்கக் கூடாது. இருட்டில், தெரியாத ஆள் பிடித்து, சரிவுப்பலகை உள்ள வண்டியிலும் படியேறும் வண்டியிலும், பக்கத்தில் அந்நியக் குதிரை நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்குள் ஏறினால்தான் அது தயார். பல குதிரைகள் இருந்தால் அமைதியானதை முதலில் ஏற்றினால் மற்றவை அதைப் பார்த்து ஏறும். முரண்டு பிடிக்கும் ஒன்றோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டிக்கொண்டு, ஏறத் தயாராக இருக்கும் மூன்றைக் காக்க வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மயக்க ஊசி போட்டு ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லாதபோது வேண்டாம். ஏற்கெனவே மிரண்ட குதிரைக்கு மருந்து சரியாகப் பிடிக்காது. பிடித்தால், ஓடும் வண்டியில் கால் நிதானம் இழந்து விழும்.

திறந்துவிடுவது என்ற திட்டம்

சான் லூயிஸ் ரே டவுன்ஸில் தணல்மழை வந்தது. வளாகத்தின் பனை மரங்கள் பற்றிக்கொண்டன. காய்ந்த மட்டைகள் தொங்கும் பனை, காற்றில் தணல் வீசும் எந்திரம்போல. அதற்குக் கீழே மரக்கட்டுமான லாயங்கள், உள்ளே வைக்கோலும் மரச்சீவலும். அந்த நிலையில் குதிரைகள் தனித்தனியே நிற்கும் கொட்டடிகளைத் திறந்து குதிரைகளை விரட்டிவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை, அதையே செய்தார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகள் பிழைத்தது அதனால்தான்.

ஆனால் திறந்துவிட்ட குதிரைகளில் சில திரும்பி எரியும் லாயத்துக்குள்ளேயே ஓடின. படிப்பவருக்கு வியப்பாக இருக்கும், குதிரையை அறிந்தவருக்கு இருக்காது. பந்தயக் குதிரை நாளின் மிகப் பெரும் பகுதியைக் கொட்டடியில் கழிக்கிறது. தீவனமும் தண்ணீரும் ஓய்வும் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். வெளியே புகையும் சத்தமும் சிதறி ஓடும் அந்நியக் குதிரைகளும் இருக்கும்போது அதற்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் கொட்டடி. வேறு சில வெளியே வரவே மறுத்தன. இழுக்கப் போனவர்களுக்குக் காயம் பட்டதும் இப்படித்தான்.

எனவே திறந்துவிடுவதைக் கடைசி நேர முயற்சியாக வைக்காமல் முன்பே வரைந்து வைக்க வேண்டும். முதல் கேள்வி, எங்கே விடுவது? எரிய எதுவும் இல்லாத வெற்று மண் வேண்டும்: மணல் போட்ட சவாரித் திடல், குதிரைகள் மேய்ந்து மொட்டையாக்கிய வயல், பயிற்சி ஓடுபாதை. மரத்துக்கும் கட்டடத்துக்கும் மின்கம்பிக்கும் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு மூன்று குதிரைக்கு ஒரு ஏக்கர் போதும் என்று தோன்றும், ஆனால் தீயின் வெப்பத்திலிருந்து விலகி ஓட இடம் வேண்டுமென்றால் அது குறைந்தபட்சம்தான். லாயத்திலிருந்து அந்த இடத்துக்கு வேலியிட்ட பாதை இருந்தால் குதிரைகள் சாலைக்குப் போகாது. புகையில் வரும் தீயணைப்பு வண்டியின் முன் குதிரை பாய்ந்தால் இரண்டு பக்கமும் சாவு.

இரண்டாவது, குதிரை வெளியே வந்ததும் கொட்டடிக் கதவைச் சாத்த வேண்டும். லாயத்தின் பெரிய கதவையும் சாத்த வேண்டும். முன்பக்கம் திறந்த லாய அமைப்பு என்றால் ஒவ்வொரு கொட்டடிக்கும் தனிக் கதவுதான், வலைத்தடுப்பு மட்டும் இருந்தால் சாத்த எதுவும் இருக்காது. மின்சாரத்தில் திறக்கும் வெளிவாசல் கதவு இருப்பவர்கள், மின்சாரம் போனால் கையால் கழற்றும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

மூன்றாவது ஹால்டர், அதாவது குதிரையின் தலையில் மாட்டும் பிடிவார். நைலான் ஹால்டர் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் போர்வையும் ஈ முகமூடியும் அப்படியே. குதிரை ஒன்றுக்கு ஒரு தோல் ஹால்டர், மூன்று மீட்டர் பருத்திப் பிடிகயிறு, இரண்டையும் அந்தந்தக் கொட்டடிக் கதவுக்கு வெளியே மாட்டி வைக்க வேண்டும். சாமான் அறையில் வரிசையாக மாட்டுவது அழகுக்குச் சரி, தீ பிடித்தால் அந்த அறைக்குப் போய்வர நேரம் இருக்காது. திறந்துவிடும்போது ஹால்டரைக் கழற்றிவிடுவது நல்லது. வேலியிலோ கிளையிலோ மாட்டினால் குதிரை அங்கேயே நின்றுவிடும். மீண்டும் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று விட நினைத்தால் இழுத்தால் அறுந்துவிடும் தோல் ஹால்டர் மட்டுமே.

நகர மறுக்கும் குதிரைக்குப் பருத்தித் துண்டால் கண்ணைக் கட்டி நடத்துவது பழைய முறை. வேலை செய்யும், ஆனால் அதற்கு முன் பழக்கியிருந்தால்தான். முதல் தடவையாகக் கண் கட்டப்பட்ட குதிரை பின்கால்களில் எழுந்து நிற்கும். எந்தக் கட்டத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும்: கூரையில் தீ தெரிந்த லாயத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. பேசி வைக்காவிட்டால் அந்த நேரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

குதிரைகளை விட்டுவிட்டுப் போகும்போது தொட்டிகளை விளிம்புவரை நிரப்ப வேண்டும். ஒரு குதிரைக்கு நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் வேண்டும், வெப்பத்தில் இன்னும் அதிகம். மின்மோட்டாரை நம்பும் தானியங்கித் தொட்டி மின்சாரம் போனதும் காய்ந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது தீயணைப்பவர்களின் தண்ணீர் அழுத்தத்தைத்தான் குறைக்கும். இத்தனை குதிரைகள் வெளியே திரிகின்றன என்று கவுண்டியின் விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைக்குச் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.

எந்தக் குதிரை யாருடையது

தப்பிய குதிரைகளைப் பிடித்து, கிடைத்த டிரெய்லரில் ஏற்றி அனுப்பினார்கள். பெயர்ச்சீட்டு இல்லை, உடன் வர ஆள் இல்லை. போய்ச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே இனம், ஒரே வயதுக் கூட்டம், அதிலும் பல செம்பழுப்பு நிறம். அந்தக் காலத்துத் தரோபிரெட்டின் மேலுதட்டுக்குள்ளே பச்சை குத்திய எண் இருந்தது. ஆனால் அது பந்தயத்தில் ஓடத் தொடங்கும்போது குத்தியது, இன்னும் ஓடாத இளங்குதிரைக்கு இருக்கவில்லை. மிரண்டு நடுங்கும் குதிரையின் உதட்டைப் புரட்டி மங்கிய எண்ணைப் படிப்பதும் எளிதல்ல. தரோபிரெட்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்க ஜாக்கி கிளப், பதிவுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியதே 2017இல் பிறந்த குட்டிகளிலிருந்துதான். அன்று லாயத்தில் பயிற்சியில் இருந்த எந்தக் குதிரையும் அந்த விதிக்குள் வராது.

இன்று 15 இலக்க எண் கொண்ட சிப்பைக் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே உள்ள தசைநாரில் வைக்கிறார்கள். வைத்தால் மட்டும் போதாது, எண்ணை உங்கள் தற்போதைய தொலைபேசி எண்ணோடு பதிய வேண்டும். குதிரை கைமாறி, பதிவு பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடப்பது சாதாரணம். சிப் படிக்கும் கருவி எல்லோரிடமும் இருக்காது என்பதால் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் வேண்டும். கால்நடைக்கு எழுதும் மெழுகுக் குச்சியால் உடலின் இரு பக்கமும் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். வெளிர் நிறக் குதிரைக்குக் கறுப்பு அல்லது நீலம், கருங்குதிரைக்கு வெள்ளை அல்லது மஞ்சள். உங்கள் எண் மட்டும் போதாது, தீயில்லாத ஊரிலுள்ள உறவினர் எண்ணும் வேண்டும். உள்ளூர்க் கோபுரம் எரிந்தால் உங்கள் போன் அடிக்காது. நான்கு கோணத்தில் எடுத்த படங்கள், சுழிகளும் வெள்ளைத் தழும்புகளும் தெரியும்படி, கைப்பேசியிலும் வேறொருவரிடமும் இருக்கட்டும். உரிமையாளரும் குதிரையும் ஒரே படத்தில் இருப்பது, பின்னால் உரிமையை நிரூபிக்க உதவும்.

டெல் மார், அதற்குப் பிறகு

பான்சால் குதிரைகளுக்கு ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. டெல் மார் பந்தய மைதானத்தில் அந்த ஆண்டின் இலையுதிர் காலப் பந்தயங்கள் நவம்பரில் முடிந்து, கொட்டடிகள் காலியாகக் கிடந்தன. ஒரு மாதம் முன்பு இதே தீ வந்திருந்தால், பிரீடர்ஸ் கப் என்ற பெரிய பந்தயத் தொடர் நடந்துகொண்டிருந்த வாரத்தில், அங்கே இடம் ஏது? போகும் இடம் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதிரெதிர்த் திசையில் இரண்டு இடம், இரண்டுக்கும் போக இரண்டிரண்டு வழி.

முகாமில் வரும் ஆபத்துகள் வேறு. தீவனம் ஒரே நாளில் மாறினால் கோலிக் வயிற்றுவலி வரும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு உடல் எடையில் 2 விழுக்காடு, அதாவது 10 கிலோ உலர்புல். மூன்று நாளுக்கு 30 கிலோ, இதைத் தன்னோடு கொண்டுபோவதே மேல். தானியத்தை முதல் ஒன்றிரண்டு நாள் நிறுத்திவிடலாம். பயிற்சி திடீரென நின்ற பந்தயக் குதிரைக்கு இது இன்னும் முக்கியம். அடுத்தது தொற்று. பல ஊர்க் குதிரைகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது தொண்டைச் சுரப்பிகள் வீங்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோயும் குதிரை ஹெர்பிஸ் வைரஸும் பரவ வாய்ப்பு. வாளியைப் பகிரக் கூடாது, ஒரே தண்ணீர்க் குழாயின் முனையை வாளி வாளியாக முக்கக் கூடாது. காலை மாலை உடல்வெப்பம் பார்த்து எழுத வேண்டும். 38.6 செல்சியஸுக்கு மேல் போனால் தனியே பிரிக்க வேண்டும்.

புகையின் வேலை மெதுவாகத் தெரியும். முதல் நாள் நன்றாக நின்ற குதிரை இரண்டு மூன்று நாள் கழித்து இருமத் தொடங்கலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு இயல்பு. 30ஐத் தாண்டினால், மூக்குத்துளை விரிந்தால், உடனே மருத்துவர். புல்லை நனைத்துக் கொடுத்தால் தூசு குறையும். கடும் புகையைச் சுவாசித்த குதிரைக்கு மூச்சுக்குழாய் ஆற 4 முதல் 6 வாரம் ஓய்வு வேண்டும். பந்தய உலகில் யாருக்கும் பிடிக்காத அறிவுரை இது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கிறதே என்று ஓடவிட்டால் இருமல் நிரந்தரமாகும்.

தீக்காயத்துக்கு எண்ணெயோ களிம்போ போடாமல் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். கண்ணில் நீர் வழிந்தால் விழிவெண்படலத்தில் புண் இருக்கலாம், மருத்துவர் சாயமிட்டுப் பார்க்கும்வரை ஸ்டீராய்டு சொட்டுமருந்து கூடாது. சூடான தரையில் ஓடிய குதிரைக்குக் குளம்பின் மேல்விளிம்பைத் தினமும் தடவிப் பாருங்கள். அங்கே வெந்திருந்தால் குளம்பே கழன்று வரலாம், அது தெரிய சில வாரம் ஆகும்.

சான் லூயிஸ் ரே டவுன்ஸ் 2018இல் மறுபடி இயங்கத் தொடங்கியது. எரிந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரும்போது, முதலில் வயலைக் காந்தத்தோடு நடந்து பார்க்க வேண்டும். மர வேலியும் கூரையும் எரிந்தால் ஆணிகள் மட்டும் சாம்பலுக்குள் கிடக்கும். வேர் எரிந்த மரத்தடியில் நிலம் உள்ளே குழிந்திருக்கும், மேலே சாம்பல் மூடியிருப்பதால் தெரியாது, குதிரை கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். சாம்பல் விழுந்த தொட்டியைக் கொட்டிக் கழுவி நிரப்பாமல் எந்தக் குதிரையையும் உள்ளே விடக் கூடாது.